13 வயதுப் பெண்ணுக்கு எச்.பி.வி. ஊசி இப்போதே எதற்கு?

அக்கா, செந்தூல் பள்ளியிலிருந்து வந்த ஒப்புதல் பாரத்தைப் பார்த்து, "பாலுறவால் பரவும் கிருமிக்கான ஊசி படிவம் ஒன்றில் (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில்) படிக்கும் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது.

எச்.பி.வி. என்ற அந்தக் கிருமி உடம்புக்குள் வரும் முன்பே போட்டால்தான் இந்த ஊசிக்கு முழுப் பலன். வந்துவிட்ட தொற்றை இது குணப்படுத்தாது. அதனால்தான் இந்த வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கிருமியால் வருவதுதான். ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதன் மேலோட்டைப் போன்ற புரதம்தான் இருக்கிறது. மலேசியாவில் 2010 முதல் பள்ளிகளில் இலவசமாகப் போடுகிறார்கள்.

கையெழுத்துப் போடுங்கள். கடுமையான ஒவ்வாமை இருந்தால் மட்டும் தாதியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஊசி எதற்கென்று மகளிடமும் நீங்களே சொல்லுங்கள். தோழிகளிடம் அரைகுறையாகக் கேட்பதைவிட அம்மா வாயால் கேட்கட்டும். பெரியவளானதும் பாப் ஸ்மியர் எனும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் வேண்டும், எல்லா எச்.பி.வி. வகைகளையும் இந்த ஊசி தடுப்பதில்லை.