‘ரயில் வருது, காணியைக் குடுங்கோ’ என்கிறார் தரகர்: விற்பதா, விடுவதா?

கேள்வி: கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியோரமாக எங்களுக்கு இரண்டரைப் பரப்பு வளவு இருக்கிறது. முன்னால் வாடகைக்கு விட்ட கடை, பின்னால் வீடு. உறுதி அம்மாவின் பெயரில். அம்மாவும் ஐயாவும் இறந்து கனகாலம். நாங்கள் நாலு பேர், இருவர் கனடாவில். யாழ்ப்பாணத்துக்கு இலகு ரயில் வரப்போகிறது, வர்த்தமானியும் வந்துவிட்டது, வீதியோரக் காணிகளை அரசாங்கம் சும்மா எடுக்கப்போகிறது, அதற்குள் விற்றுவிடுங்கள் என்று ஒரு தரகர் வீட்டுக்கு வந்து வந்து சொல்கிறார். என் மகன் வெள்ளைத் தாளில் கையெழுத்து வைத்து ஐம்பதாயிரம் ரூபாய் அச்சாரமும் வாங்கிவிட்டான். என்ன செய்வது?

பதில்: அம்மா, விற்க வேண்டாம். பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியச் செலவுக்கோ விற்பதென்றால் அது உங்கள் வீட்டு விஷயம். ரயிலுக்குப் பயந்து விற்க வேண்டாம்.

வர்த்தமானி என்றதும் எங்கள் சனத்துக்கு வயிற்றைக் கலக்குவதில் ஆச்சரியமில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை எடுப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டதையும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர்கள் நீதிமன்றப் படி ஏறியதையும் யார் மறப்பார்கள்? அந்தப் பயத்தைத்தான் உங்கள் தரகர் காசாக்கப் பார்க்கிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வர்த்தமானியின் இலக்கம் என்ன, திகதி என்ன? வர்த்தமானி ஒளித்து வைக்கிற சாமான் இல்லை. அரச அச்சகத்தின் இணையத்தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். இலக்கம் சொல்லாமல் ‘மேலிடத்தில் இருந்து வந்த தகவல்’ என்று இழுத்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தனியார் காணியை அரசாங்கம் எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி. பிரிவுகளை எல்லாம் நீங்கள் பாடமாக்கத் தேவையில்லை, ஒழுங்கு தெரிந்தால் போதும். முதலில் 2ஆம் பிரிவு அறிவித்தல். இந்தப் பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டும், பொருத்தமா என்று பார்க்கப்போகிறோம் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். காணியிலோ அதற்கு அருகிலோ கண்ணில் படும் இடத்தில், தமிழிலும் சேர்த்து, மூன்று மொழியிலும் அதை ஒட்ட வேண்டும். அடுத்தது 4ஆம் பிரிவு. இன்ன காணியை எடுக்க எண்ணியிருக்கிறோம், ஆட்சேபம் இருந்தால் எழுதித் தாருங்கள் என்பார்கள். அதற்குக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். அதன் பிறகுதான் 5ஆம் பிரிவின்படி எடுக்கப்போகிறோம் என்ற பிரகடனம் வர்த்தமானியில் வரும். ஆகவே வர்த்தமானி உண்மையில் வந்திருந்தால், அதற்கு முன்பே உங்கள் வீதியில் அறிவித்தல் ஒட்டியிருப்பார்கள், ஊர் முழுக்கக் கதைத்திருக்கும். கிராம சேவகரிடம் கேளுங்கள், பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலும் கேளுங்கள். ஒருவருக்கும் தெரியாத சுவீகரிப்பு தரகருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

‘சும்மா எடுக்கும்’ என்பதும் சரியில்லை. பிரகடனத்துக்குப் பிறகு 7ஆம் பிரிவு அறிவித்தல் வரும். உரிமை கோருகிறவர்கள், நட்டஈடு கேட்பவர்கள் விபரம் தாருங்கள் என்று அழைப்பது அதுதான். அது வர்த்தமானியில் வந்த திகதியில் உங்கள் காணி திறந்த சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்குமோ, அதுவே நட்டஈட்டுக்கு அடிப்படை. தந்த தொகை போதாது என்றால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். வீதிக்காக முன்பக்கத்தில் ஒரு துண்டை மட்டும் எடுத்தால், மிச்சக் காணிக்கு வரும் பாதிப்புக்கும் கேட்கலாம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் விலக்குகள்தான் வழமையாகிப் போகின்றன. விசாரணை முடிந்து நட்டஈட்டுத் தீர்ப்பு வந்த பிறகு 38ஆம் பிரிவின் கீழ் உடைமையை எடுப்பதுதான் முறையான ஒழுங்கு. ஆனால் அதே 38ஆம் பிரிவில் ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரம் என்று அமைச்சர் கருதினால், 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டிய பிறகு எந்த நேரத்திலும் உடைமையை எடுக்கக் கட்டளையிடலாம். அதாவது காணி முதலில் போகும், காசு பிறகு வரும். எத்தனை வருடம் பிறகு என்று கேட்காதீர்கள். ‘அவசரம்’ என்று எடுத்த காணியின் கோப்பு அதற்குப் பிறகு எந்த அவசரமும் இல்லாமல் செயலகத்துக்கும் விலைமதிப்புத் திணைக்களத்துக்கும் கொழும்பு அமைச்சுக்கும் நடந்து திரியும். கையெழுத்து வைக்க வேண்டியவர் இடமாற்றத்தில் போயிருப்பார், புதிதாக வந்தவர் வரைபடத்தைக் காணவில்லை என்பார். ஒரு பெரிய ரயில் திட்டத்தில் இந்த அவசர வழியைப் பாவிக்க மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அப்படிப் பாவிப்பதற்கும் 2ஆம் பிரிவு அறிவித்தல் முதலில் ஒட்டப்பட வேண்டும். உங்கள் மதிலில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்படி ஒரு கட்டளை வந்தாலும் நட்டஈட்டு உரிமை அழியாது, இழுபடும். தரகர் சொல்கிற விலை அந்த இழுபாட்டை விட மோசமானதாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, ரயில் வருமா? எனக்கு இலகு ரயிலில் கோபம் ஒன்றும் இல்லை. கொழும்பில் நடந்ததைப் பாருங்கள். மாலபேயில் இருந்து கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள். ஜப்பான் 2019இல் கடன் ஒப்பந்தம் போட்டது. வட்டி 0.1 வீதம், திருப்பிக் கட்ட 40 வருடம், அதில் முதல் 12 வருடம் சலுகைக்காலம். அந்தக் கடனையும் 2020 செப்டெம்பரில் ‘செலவு கூட’ என்று சொல்லி நிறுத்தினார்கள். 2022இல் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. 2012 கணக்கெடுப்பில் யாழ் மாநகர சபைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 88,000 பேர். இதை வைத்து எந்த வங்கி தூண் நாட்டப் பணம் தரும்? இருக்கிற பாதையே 1990இல் நின்றது, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில்தான் திரும்ப வந்தது, அதுவும் இந்தியக் கடனில். அந்தப் பாதை உங்கள் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் வழியாகத்தான் காங்கேசன்துறைக்குப் போகிறது. அதில் காலையும் மாலையும் சின்ன வண்டிகளை அடிக்கடி ஓட விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம். புதிய நெடுந்தூர பேருந்து நிலையத்தைக் கட்டி முடித்த பிறகும் யார் எங்கிருந்து புறப்படுவது என்று மல்லுக்கட்டிய ஊர் இது. இலகு ரயிலை ஓட்டப்போகிறவர் யார், நட்டத்தைத் தாங்கப்போகிறவர் யார் என்று மேடையில் ஒருவரும் சொல்வதில்லை.

இந்தத் தரகர்களுக்கு இரண்டு வாய். உங்களிடம் ‘காணி போகப்போகுது’ என்பார். அதே ஆள் இரவில் கனடாவுக்கு அழைத்து ‘நிலையம் பக்கத்தில வரப்போகுது, விலை ஏறமுதல் வாங்குங்கோ’ என்பார். உங்களிடம் அடிமாட்டு விலைக்கு எடுத்து அங்கே கொழுத்த விலைக்குக் கொடுப்பதுதான் அவருடைய ரயில். உங்கள் சகோதரர்களிடம், அவர்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தைத் தன் பெயருக்கு எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். விற்கும் அதிகாரத்தோடு அன்னியருக்கு அற்றோணி கொடுத்தவர்கள் பிறகு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

உங்களுக்கு உண்மையில் இருக்கும் பிரச்சினை ரயில் இல்லை, உறுதிதான். காணி இன்னும் அம்மாவின் பெயரில். நாலு பேருக்கும் சம பங்கு என்று வைத்தால், நீங்கள் தனியே விற்கக்கூடியது பிரிக்கப்படாத காற்பங்கு மட்டும். அதைக்கூட வெளியாளுக்கு விற்குமுன் மற்றக் கூட்டுரிமைக்காரர்களுக்கு வாங்கும் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம். நாளைக்கு எந்தத் திட்டத்துக்காகக் காணியை எடுத்தாலும், 10ஆம் பிரிவின் கீழ் உரிமை யாருக்கு என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் எங்கள் ஆட்கள் சிக்குகிறார்கள். சீதன உறுதி ஒன்று, நன்கொடை உறுதி ஒன்று, இடப்பெயர்வில் தொலைந்த உறுதி ஒன்று, பேச்சளவில் பிரித்த வேலி ஒன்று. பங்காளிகள் அடிபட்டால் பிணக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும், நட்டஈட்டுக் காசு அங்கேயே கிடக்கும். ஆகவே ரயில் வந்தாலும் வராவிட்டாலும் இப்போதே காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுங்கள். நாலு பேரும் பேசி, ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, அம்மாவின் சொத்தைப் பிள்ளைகளின் பெயருக்கு ஒழுங்காக்குங்கள். கனடாவில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் எழுதி, அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தை அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம், அதுவும் உங்கள் பெயருக்கு மட்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். அதை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைப் பாதியாக எழுதுவது எங்கள் ஊரில் சாதாரணம். பிறகு விலைமதிப்பாளர் வந்து அயல் உறுதிகளைப் புரட்டினால் அந்தப் பாதி விலைதான் அவர் கண்ணில் படும். அப்போது ‘சந்தை விலை இதைவிடக் கூட’ என்று கத்தினால், எழுதியவர்கள் நீங்கள்தானே என்பார்.

வீதி அகலிப்புக்கான வீதிக்கோடு உங்கள் கடையில் விழுகிறதா என்று உள்ளூராட்சி சபையிடமும், வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் வீதிக்கோட்டுச் சான்றிதழ் கேட்டுப் பாருங்கள். ரயிலை விட அது கிட்ட இருக்கிற விஷயம்.

மகன் வாங்கிய அச்சாரத்துக்கு வருவோம். காணி விற்பதற்கான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால் சாட்சிகளோடு முடிக்கப்படாவிட்டால் சட்டத்தில் அதற்குப் பலம் இல்லை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. காணியில் பங்கே இல்லாத மகனின் வெள்ளைத் தாள் உங்களைக் கட்டாது. ஆனால் ஐம்பதாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள், கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள். அந்தத் தாளின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், அச்சாரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, விற்பனை எதுவும் இல்லை என்று சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். காணிப் பதிவகத்தில் கேவியற் ஒன்றும் பதிந்து வையுங்கள். உங்கள் காணியில் யாராவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். அதன் காலம் முடியுமுன் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.