நார்க்கழிவும் நுண்ணுயிரும்: அழகுச் செடித் தொட்டிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மாடித்தோட்டம், திருப்பூர்): ஐயா, கயிறு ஆலையிலிருந்து தென்னை நார்க்கழிவை மூட்டையாக வாங்கி, பாதிக்குப் பாதி செம்மண் கலந்து குரோட்டன்ஸும் செம்பருத்தியும் வைத்தேன். இரண்டே மாதத்தில் இலைகள் வெளுத்துவிட்டன. நுண்ணுயிர் உரம் ஊற்றியும் தேறவில்லை.

பதில்: நீங்கள் வாங்கியது மக்காத நார்க்கழிவாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) நூறு பங்குக்கும் மேல் கரிமம் (கார்பன்) இருக்கிறது. அந்தக் கரிமத்தைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள், தம் உடலைக் கட்டிக்கொள்ளத் தேவையான தழைச்சத்தை வேருக்கு முந்தி எடுத்துக்கொள்வதால், முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கின்றன. இந்த நிலையில் மேலும் நுண்ணுயிர் உரம் ஊற்றுவது, பந்தியில் சோறு பற்றாதபோது இன்னும் நான்கு பேரை அழைத்து உட்காரவைப்பதற்கு ஒப்பாகும்.

நார்க்கழிவை எளிதில் மக்கவிடாமல் வைத்திருப்பது அதிலுள்ள லிக்னின் என்ற கெட்டியான மரப்பொருள். அதை உடைக்க வல்லவை சிப்பிக் காளான் போன்ற பூஞ்சைகளே என்பதால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் பரிந்துரைக்கிறது. நிழலான இடத்தில் 100 கிலோ கழிவைப் பரப்பி அதன்மேல் ஒரு புட்டி வித்தைத் தூவி, மறுபடி 100 கிலோ கழிவைப் பரப்பி அதன்மேல் 1 கிலோ யூரியாவைத் தூவி, இப்படியே மாற்றி மாற்றி அடுக்கி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், ஒன்று முதல் இரண்டு மாதங்களில் கழிவு கருத்து, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 24:1 என்ற அளவுக்கு இறங்கிவிடும். மாடியில் செய்பவர்கள் இதே விகிதத்தில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். இப்போது வெளுத்திருக்கும் செடிகளுக்கு, ஊறவைத்துத் தெளிந்த கடலைப் புண்ணாக்கு நீரை நன்றாக நீர்க்கச் செய்து வாரம் ஒருமுறை ஊற்றி வாருங்கள்.

கேள்வி (நாற்றங்கால் பணியாளர், பொள்ளாச்சி): அமுக்கிய கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டியை ஊறவைத்து உடனே தொட்டியில் நிரப்பலாமா?

பதில்: கூடாது. அதில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கக்கூடும். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததென்றால் இன்னும் மிகுதி. வெறும் நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் நீரில் கரைந்துள்ள உப்புதான் போகும், துகளைப் பற்றிக்கொண்டிருப்பது போகாது. அந்த இடத்தைச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) பிடித்தால்தான் அது விலகும். ஆகவே முதலில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மீண்டும் அலசிப் பிழிய வேண்டும். நுண்ணுயிர்களைச் சேர்ப்பது அதன் பிறகுதான்.

கேள்வி (ரோஜா வளர்ப்பவர், ஓசூர்): நோய்க் கிருமிகளை அடக்கும் நுண்ணுயிர்களான டிரைகோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் இரண்டையும் இட்டேன். வேரழுகல் வருமோ என்ற அச்சத்தில் மறுவாரமே கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஊற்றினேன். தவறா?

பதில்: டிரைகோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், கார்பெண்டசிம் அதையும் சேர்த்தே அடக்கிவிடும். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் அதற்கு அந்த மருந்தினால் பெரிய இடரில்லை. சில வாரங்கள் கழித்து, டிரைகோடெர்மாவை ஈரமான தொழுவுரத்திலோ மண்புழு உரத்திலோ கலந்து, நிழலில் ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் பெருகவிட்டு மறுபடி இடுங்கள். வெறும் பொடியைக் காய்ந்த கலவையின் மேல் தூவுவதில் பயன் குறைவு. வேரழுகலுக்கு முதற்காரணம் பெரும்பாலும் காற்றில்லாத கலவை என்பதை மறவாதீர்கள். கலவையில் ஐந்தில் ஒரு பங்காவது உமிக்கரியோ பெர்லைட் என்ற இலேசான வெண்கல் துகளோ இருக்கட்டும்.

கேள்வி (மதுரை): தொட்டியின் மேற்பரப்பில் வெள்ளைப் பூசணம் படர்கிறது.

பதில்: மட்கைத் தின்னும் பூஞ்சை அது, செடிக்குத் தீங்கில்லை. மேல்மண்ணைக் கிளறிவிட்டு, நீர் ஊற்றும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

கேள்வி (கோவை): வேர் உட்பூசணம் (வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் பூஞ்சை) இட்டும் ஆந்தூரியத்தில் மாற்றம் தெரியவில்லை. மாதந்தோறும் டி.ஏ.பி. என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமும் இடுகிறேன்.

பதில்: டி.ஏ.பி.தான் தடை என்று கருதுகிறேன். வேர் உட்பூசணம் மணிச்சத்தைத் தேடிக் கொணர்ந்து, அதற்கு ஈடாக வேரிடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. மணிச்சத்து கைக்கெட்டும் தூரத்திலேயே குவிந்திருந்தால் செடி அந்த உறவை வளர்ப்பதில்லை. டி.ஏ.பி.யை நிறுத்துங்கள். அடுத்த முறை தொட்டி மாற்றும்போது உட்பூசணத்தை மேலே தூவாமல் வேரைத் தொடும்படி இடுங்கள்.

கேள்வி (சென்னை): சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்து இறக்குமதியாகும் பீட் பாசியே உயர்ந்தது என்கிறார்களே?

பதில்: ஈரம் பிடிப்பதில் அது சிறந்ததே. ஆனால் பீட் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அதை வெட்டினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கரிமம் காற்றில் கலக்கிறது. நம் பக்கத்தில் நார்க்கழிவு மலையாகக் குவிந்து கிடக்கையில், அதற்காகக் கடல் கடந்து போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (சேலம்): பழைய தொட்டி மண்ணைக் கொட்டிவிட வேண்டுமா?

பதில்: செடி நலமாக இருந்த தொட்டியின் மண் என்றால், மூன்றில் ஒரு பங்கு மக்கிய நார்க்கழிவும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து மீண்டும் பயன்படுத்துங்கள். வேர் அழுகிச் செத்த செடியின் மண்ணை மட்டும் ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, சித்திரை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்து எடுங்கள். அந்த வெப்பத்தில் நல்லவையும் பெரும்பகுதி அழிந்துவிடும் என்பதால், ஆறிய பிறகு மண்புழு உரமும் டிரைகோடெர்மாவும் சேர்த்து, பத்து நாள் ஈரமாக வைத்திருந்த பின்னரே செடி நடுங்கள்.