செங்கல் வைத்தால் தார்ப்பாய் நிற்குமா?

கேள்வி: சூறைக்காற்றோடு பெய்த மழையில் எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு சிமெண்ட் ஷீட் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, இன்னொன்றில் விரிசல். மேஸ்திரி அடுத்த வாரம்தான் வருவாராம். வீட்டுக்காரர் தார்ப்பாய் விரித்து மேலே செங்கல் வைத்தார், அன்று இரவே பறந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் மிச்சமிருக்கும் செங்கல்லைக் கீழே இறக்கச் சொல்லுங்கம்மா. காற்று கூரைக்கு மேலே ஓடும்போது உறிஞ்சி இழுக்கும், கதவு ஜன்னல் வழியாகப் புகுந்த காற்று அடியிலிருந்து தள்ளும், இதற்கு நடுவில் நாலு செங்கல் எம்மாத்திரம்? யார் தலையிலாவது விழாமல் இருந்தால் சரி. தார்ப்பாய் ஓட்டையை மட்டும் மூடினால் போதாது. முகட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் இரண்டடியாவது இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மேலிருந்து வழிகிற தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து நேராக உங்கள் படுக்கைக்குத்தான் வரும். ஓரத்தை ரீப்பர் கட்டையில் இரண்டு சுற்று சுற்றி ஆணி அடித்து, அந்தக் கட்டையைக் கயிறு போட்டு, ஷீட்டைத் தாங்குகிற கூரைக் குழாயோடு இழுத்துக் கட்டுங்கள்.

ஷீட் மேல் காலே வைக்கக் கூடாது, பழைய ஷீட் சொல்லாமல் உடையும். போல்ட் வரிசை தெரிகிற இடத்தில்தான் அடியில் குழாய் இருக்கிறது. இரண்டு வரிசையைத் தொடுகிற நீளப் பலகை போட்டு, மழை விட்டு ஈரம் காய்ந்த பிறகு ஏறலாம். அதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். மின்கம்பி கூரையில் உரசினால் கிட்டேயே போகாமல் 1912க்குச் சொல்லுங்கள்.

உடைந்த துண்டுகளைப் பெருக்காதீர்கள். பழைய ஷீட்டில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்துப் பொறுக்கி, சாக்கில் கட்டிவையுங்கள்.

அப்புறம் போல்ட். அதற்கு அடியில் ஒழுகாமல் இருக்கப் போடுகிற வாஷரை ஒன்று கழற்றிப் பாருங்கள், வேலூர் வெயிலில் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கடலோரம் இல்லையே என்று இங்கே போல்ட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்து நம் பக்கம் வரை வந்ததே, கோடை மழைக் காற்றுக்கோ புயலே தேவையில்லை. மேஸ்திரியிடம் ஜே போல்ட் (கொக்கி மாதிரி வளைந்தது), வாஷர் எல்லாம் புதிதாக, ஷீட்டின் மேட்டில் போடச் சொல்லுங்கள், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். ஷீட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஆறு அங்குலமாவது ஏறியிருக்கட்டும்.

வேலை தொடங்கும் முன் படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். சரிசெய்த கூரையைக் காட்டி நிவாரணம் கேட்டால் யார் கொடுப்பார்கள்?