பாட்காஸ்ட்டுக்கு வீடியோ தேவையா?

கேள்வி: நானும் தோழியும் கோயில் கல்வெட்டுகள் பற்றி மாதம் இருமுறை ஆடியோ பாட்காஸ்ட் போடுகிறோம். ஒரு மணி நேரம் பேசி, 40 நிமிடமாக வெட்டுகிறோம். “வீடியோ இல்லாவிட்டால் இனி யாரும் கேட்க மாட்டார்கள்” என்கிறார்கள். கேமரா வாங்கிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். யூடியூபில் இருப்பது வேறு, அங்கே முகம் காட்டுவது வேறு. முதலில் யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) உங்கள் பாட்காஸ்ட்டின் ஆர்எஸ்எஸ் முகவரியை, அதாவது புதுப் பகுதிகளைச் செயலிகளுக்குத் தானே அனுப்பும் இணைப்பை, கொடுங்கள். ஒவ்வொரு பகுதியையும் அட்டைப்படத்தோடு வீடியோவாக அதுவே ஏற்றிக்கொள்ளும். காசு செலவில்லை, அங்கே தேடுகிறவர்கள் கண்ணிலும் படுவீர்கள்.

முகம் காட்ட ஆரம்பித்தால் கேமராவை விட எடிட்டிங்தான் உயிரை வாங்கும். நீங்கள் வெட்டி எறியும் அந்த 20 நிமிடத்தில் திக்கியது, திரும்பச் சொன்னது, தண்ணீர் குடித்தது எல்லாம் இருக்கும். ஆடியோவில் வெட்டிய இடம் தெரியாது. வீடியோவில் ஒவ்வொரு வெட்டுக்கும் தலை டக்கென்று இடம் மாறும். அதை மறைக்க இரண்டாவது கேமரா வேண்டும். இல்லையென்றால் 4கே என்ற பெரிய அளவில் எடுத்து, அதைவிடச் சிறிய 1080 அளவில் வெளியிட்டு, வெட்டிய இடத்தில் மட்டும் ஷாட்டை நெருக்கிக்கொள்ள வேண்டும். கோப்பின் கனமும் கூடும்: 40 நிமிட எம்பி3, 128 கேபிபிஎஸ்-இல் சுமார் 38 எம்பி. அதே நீளத்துக்கு 1080 வீடியோ, யூடியூப் பரிந்துரைக்கும் 8 எம்பிபிஎஸ்-இல் 2.4 ஜிபி. இந்தச் சுமை தாங்காமல் பகுதிகள் தள்ளிப்போக ஆரம்பித்தால், இருக்கிற நேயர்களும் போய்விடுவார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கல். உத்திரமேரூர் குடவோலை பற்றிப் பேசும்போது, பேசுகிறவர் முகத்தை விட வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் அந்த எழுத்தைத்தான் நேயர் பார்க்க விரும்புவார். ஆகவே ஆடியோவை வழக்கம்போல் வெட்டி முடித்துவிட்டு, அதன்மேல் 10, 15 புகைப்படங்களை அடுக்குங்கள். வெட்டு தெரியுமோ என்ற கவலையே இல்லை.

கல்வெட்டை எடுக்கக் காலையும் மாலையும் வெயில் சுவரில் சாய்ந்து விழும் நேரம்தான் சரி. நேருக்கு நேர் விழும் வெளிச்சமும் ஃபிளாஷும் எழுத்தைத் தட்டையாக்கிவிடும். இருட்டான இடமென்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எடுப்பாகத் தெரியும். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள், கல் கெடும். மத்தியத் தொல்லியல் துறை வசமுள்ள கோயில்களில் கேமரா முக்காலி வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும்.

படத்தோடு தனியாக ஏற்றும் பகுதிக்கு, ஆர்எஸ்எஸ் வழியாக வந்த பிரதியை பிரைவேட் ஆக்கிவிடுங்கள். விளக்கக் குறிப்பில் 0:00-இல் தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிகள் கொடுத்தால் அத்தியாயங்கள் பிரியும். ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. நாலைந்து பகுதி போட்டபின் ஸ்டுடியோவில், பார்வையாளர் எந்த நிமிடம் வரை தங்குகிறார்கள் என்று காட்டும் வரைபடக் கோட்டைப் பாருங்கள். கல் வரும் இடத்தில் கோடு சரியாமல் நின்றால் தொடருங்கள். இன்னொன்று: “இதோ, இந்த வரியைப் பாருங்கள்” என்று பேசிவிடாதீர்கள். பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு எந்த வரி என்று எப்படித் தெரியும்? வரியை வாசித்துக் காட்டிவிட்டு மேலே போங்கள்.

கேள்வி: வீடியோவைப் போனிலும் ஆடியோவைத் தனி ரெக்கார்டரிலும் பதிகிறேன். ஆரம்பத்தில் பொருந்துகிறது, அரை மணி கழித்து உதடும் குரலும் பிசகுகின்றன. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காரணம் இரண்டு. பல போன்கள் ஃபிரேம் வேகத்தை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) சீராக வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரானது என்று எடுத்துக்கொள்ளும்போது பிசகு வருகிறது. எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மி பிசகாமல் ஓடுவதில்லை. ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் கை தட்டுங்கள். முதல் தட்டலைப் பொருத்திவிட்டு, கடைசித் தட்டல் பொருந்தும் வரை ஆடியோவை இழுத்தாலோ சுருக்கினாலோ போதும். 40 நிமிடத்தில் கால் விநாடி மாற்றம் காதுக்குத் தெரியாது.

கேள்வி: எல்இடி விளக்கில் எடுத்தால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை துடிக்கும். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள். போனின் சொந்தக் கேமரா செயலி இதை மாற்ற விடாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியும் பட்டை போகாவிட்டால் விளக்கைத்தான் மாற்ற வேண்டும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்: இறக்கை விளக்குக்குக் கீழே சுற்றினால் அதன் நிழலும் இதே மாதிரி துடிக்கும்.