சேமிப்பு அமைப்பையே மாற்றப் போகிறீர்களா? தனிக் கிளை வேண்டாம்

கேள்வி: குறிப்பெடுக்கும் திறமூலச் செயலி ஒன்றை மூன்று பேர் பராமரிக்கிறோம். குறிப்புகள் ஜேசன் (JSON) என்ற உரை வடிவக் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கும், எழுதும் நிரல் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட்டுக்கு (SQLite) மாற நினைக்கிறோம். வெளியார் எழுதிய பிளகின்களும் (செயலியோடு சேர்க்கும் துணை நிரல்கள்) உண்டு. 2.0 என்று தனிக் கிளையில் (நிரலின் தனி நகலில்) புதிதாக எழுதி, முடிந்ததும் இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அங்கே எழுதிக்கொண்டிருக்கும்போது பிரதான கிளையும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் பொருத்த வேண்டியிருக்கும். ஓய்வு நேரத்தில் உழைக்கும் மூவரில் ஒருவர் விலகினாலும் அந்தக் கிளை அப்படியே நின்றுவிடும். உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் 1998-ல் தன் மூலநிரலைத் திறந்தது; அதே ஆண்டில் பழைய எஞ்சினைக் கைவிட்டுப் புதிதாக எழுதும் முடிவும் எடுக்கப்பட்டது. அப்படிப் புதிதாக எழுதிய மொசில்லா 1.0 வந்தது 2002 ஜூனில். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 1996-ல் 2.0 பதிப்போடு வந்த, ஒரு நேரத்தில் ஒரு பிராசஸரை மட்டுமே கெர்னலுக்குள் விடும் 'பிக் கெர்னல் லாக்' என்ற பூட்டையோ பகுதி பகுதியாகக் கழற்றி, 2011-ல் 2.6.39-ல்தான் முழுதாக நீக்கினார்கள். நீண்ட காலம்தான், ஆனால் இடையில் ரிலீஸ்கள் நிற்கவில்லை.

முதலில் இரண்டு பக்க முன்மொழிவு எழுதுங்கள். எது வலிக்கிறது என்பதை அளந்து சொல்லுங்கள்: பத்தாயிரம் குறிப்புகள் இருந்தால் தேடல் எத்தனை விநாடி எடுக்கிறது? எதை மாற்றப் போவதில்லை, எந்த மாற்று யோசனைகளை ஏன் ஒதுக்கினீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். ஒதுக்கிய யோசனைகளை எழுதிவைக்காவிட்டால் புதிதாக வரும் ஒவ்வொருவரும் அதே விவாதத்தைத் திரும்பத் தொடங்குவார்கள். கருத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். கடைசி முடிவு யாருடையது என்பதை அதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

அடுத்து, எஸ்க்யூலைட்டைத் தொடாமலே ஒரு வேலை. கோப்பைத் திறக்கும் எல்லா இடங்களையும் தேடியெடுத்து, படி, எழுது, அழி, தேடு என்ற சிறிய இடைமுகம் ஒன்றின் வழியாகவே போகும்படி மாற்றுங்கள். ஒரு பேட்சில் (ஒரு முறை அனுப்பும் நிரல் மாற்றத்தில்) ஒரு பகுதி மட்டும். செயல்பாடு துளியும் மாறக் கூடாது. பெரும்பாலான உழைப்பு இங்கேதான் போகும். திட்டம் பாதியில் நின்றாலும் இந்தப் பயன் கையில் தங்கும்.

இடைமுகத்துக்கான டெஸ்ட்களை ஒரே தொகுப்பாக எழுதி, பழைய சேமிப்பு, புதிய சேமிப்பு இரண்டின்மீதும் ஓட்டுங்கள். புதியதை முதல் ரிலீஸில் விருப்பத் தேர்வாக மட்டும் கொடுங்கள். தரவை மாற்றும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, குறிப்புகளின் எண்ணிக்கையையும் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்ட பிறகே உரிய பெயருக்கு மாற்றுங்கள். அட்டவணை அமைப்பின் பதிப்பு எண்ணை எஸ்க்யூலைட்டின் யூசர்_வெர்ஷன் (user_version) பிராக்மா என்ற உள்ளமைவு மதிப்பில் வைக்கலாம். பழைய ஜேசன் கோப்புகளை உடனே அழிக்காதீர்கள். ஆனால் மாறிய பிறகு எழுதிய குறிப்புகள் அவற்றில் இருக்காது. அதனால் ஜேசனுக்கே திருப்பி ஏற்றுமதி செய்யும் வசதியும் அதே ரிலீஸில் வேண்டும்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. குறிப்புக் கோப்புறையை மேகச் சேமிப்பில் ஒத்திசைத்து வைத்திருக்கும் பயனர்கள் இருப்பார்கள். தனித்தனி ஜேசன் கோப்புகளுக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகும். எஸ்க்யூலைட்டில் எல்லாம் ஒரே கோப்பு. மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறையை இயக்கினால் பக்கத்தில் இன்னும் இரண்டு கோப்புகள் சேரும். செயலி ஓடும்போது ஒன்று மட்டும் நகலானால் புதிய குறிப்புகள் காணாமல் போகலாம், தரவுத்தளமே கெடலாம். இவர்களுக்கு என்ன வழி என்பதை முன்மொழிவிலேயே தீர்க்க வேண்டும். இதற்கு விடை இல்லையென்றால் மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம்.

பிளகின்களில் சில, ஆவணத்தில் இல்லாத வழியில் ஜேசன் கோப்புகளை நேரடியாகத் தொடும். பொதுவில் இருக்கும் பிளகின்களின் நிரலில் அந்தக் கோப்புறைப் பெயரைத் தேடிப் பட்டியல் எடுங்கள். முக்கியமானவற்றுக்கு நீங்களே பேட்ச் அனுப்புங்கள். ஒரே பிளகின் நிரல் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பைத்தான் நிரல்மொழியின் 3.0 பதிப்பு, சரங்களுக்கு (உரை மதிப்புகளுக்கு) முன்னால் வரும் யூ (u) எழுத்தை நீக்கியதால் 2, 3 என்ற இரண்டு பதிப்புக்கும் பொதுவாக எழுதுவது கடினமானது, 2012-ல் 3.3 பதிப்பில் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். பைத்தானில் எழுதிய வலைச் சட்டகமான ஜாங்கோவைப் போல, நீக்கப் போவதை எச்சரிக்கையோடு இரண்டு ரிலீஸ் வரையாவது வைத்திருங்கள்.

பழைய சேமிப்பு நிரலை எந்த ரிலீஸில் நீக்குவது, யார் நீக்குவது என்ற பணியை, புதியது பிரதான கிளையில் சேரும் அன்றே பதிவுசெய்யுங்கள். அப்படிச் செய்யாத திட்டங்களில் இரண்டு சேமிப்பு முறைகளும் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும். ஒவ்வொரு பிழையையும் இரண்டிலும் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.