நெபுலைசர் கப்பில் மருந்து ஊற்றுவது, கழுவுவது எப்படி? நாலே நாளில் புகை குறைந்தால் மிஷின் கெட்டுவிட்டதா?

கேள்வியின் சாரம்: திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம், போர் தண்ணீர் உப்பு. அம்மாவுக்கு வீசிங். டாக்டர் சொல்லி வீட்டுக்கு நெபுலைசர் (மருந்தைப் புகைபோன்ற நுண்துளியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் மிஷின்) வாங்கியிருக்கிறார்கள். நாலு நாளாகப் புகை குறைந்துகொண்டே வருகிறது. மருந்து எவ்வளவு ஊற்றுவது, எப்படிக் கழுவுவது?

நாலு நாளில் மிஷின் போவது அபூர்வம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெறும் காற்று பம்ப். சிக்கல் பெரும்பாலும் மருந்துக் கப்பில்தான் இருக்கும்.

கப்பைத் திறந்து பாருங்கள். அடியிலிருந்து ஒரு குழல் மேலே எழும்பி நிற்கும். அதன் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்தக் குழல்மேல் கவிழ்த்து மாட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூம்பு தனியாகக் கழன்று வரும். மிஷினிலிருந்து வரும் காற்று அந்த ஓட்டை வழியாக வேகமாகப் பாயும்போது, குழலுக்கும் கூம்புக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக மருந்தை மேலே இழுக்கிறது. இழுபட்ட மருந்து மேலே தடுப்பில் மோதிச் சிதறுகிறது. 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துளிகள்தான் நுரையீரலின் உள்ளே வரை போகும். பெரிய துளிகள் கப்பிலேயே விழுந்து மறுபடி சுற்றுக்கு வரும். கூம்பு சரியாக உட்காராவிட்டால் மருந்து மேலே ஏறாது. மிஷின் சத்தம் போடும், புகை வராது. கழுவும்போது கூம்பு சாக்கடையில் போவது ரொம்ப சாதாரணம். அதனால் கப்பை எப்போதும் ஒரு கிண்ணத்துக்குள் வைத்துக் கழுவுங்கள். கூம்பு தொலைந்தால் முழு கப் செட்டையே மாற்ற வேண்டியதுதான்.

நம் ஊரில் இதை 'ஆவி பிடிக்கிறது' என்று சொல்வதால் ஒரு குழப்பம் வருகிறது. இது ஆவி இல்லை. இ-சிகரெட்டில் இருப்பதுபோல் சூடாக்கும் கம்பிச் சுருள் எதுவும் இதில் கிடையாது. நெபுலைசர் புகை குளிர்ந்த நீர்த்துளி மட்டுமே. எனவே நீலகிரித் தைலம், கற்பூரம், தலைவலித் தைலம் எதையும் கப்பில் விடாதீர்கள். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியா போன்ற தொல்லையைக் கிளப்பும்.

இனி மருந்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொள்ளுங்கள். டியூலின் போன்ற மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து 2.5 அல்லது 3 மில்லி ரெஸ்ப்யூலாக (ஒரு வேளைக்கான சின்ன பிளாஸ்டிக் குப்பி) வரும். பியூடிகார்ட் போன்ற ஸ்டீராய்டு 2 மில்லி. இந்த ஸ்டீராய்டு கரைசல் அல்ல, தூள் மிதக்கும் திரவம்; திறக்கும் முன் ரெஸ்ப்யூலை மெதுவாகச் சுழற்றி ஆட்டாவிட்டால் மருந்தில் ஒரு பகுதி பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். தலையைத் திருகி, கடைசிச் சொட்டு வரை கப்பில் பிழியுங்கள். இரண்டையும் சேர்த்து ஊற்றலாமா என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பலர் சேர்த்தே ஊற்றச் சொல்வார்கள். தனித்தனியாக என்றால் விரிக்கும் மருந்து முதலில், ஸ்டீராய்டு பிறகு. மொத்த அளவு கப்பின் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கப்பின் அடியில் ஒரு மில்லி போல மருந்து மிஞ்சத்தான் செய்யும். 2.5 மில்லியில் ஒரு மில்லி வீண் என்றால் அது கணிசம். அதனால்தான் சில டாக்டர்கள் நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புக் கரைசல்) சேர்த்து 4 மில்லி ஆக்கச் சொல்கிறார்கள். சொன்னால் மட்டும் சேருங்கள். சேர்ப்பது 0.9% சலைனாகத்தான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் எதுவும் கூடாது. உப்பில்லாத தண்ணீர்த் துளி மூச்சுக்குழாயைச் சுருக்கி வீசிங்கைக் கூட்டும். சுத்தமில்லாத தண்ணீர் கிருமியை நேரே நெஞ்சுக்குள் கொண்டுபோகும். ஊசி மருந்து கலக்கும் ஸ்டெரைல் வாட்டரும் பார்க்க சலைன் மாதிரியே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். பெரிய பாட்டிலைத் திறந்து வாரக்கணக்கில் வைத்து எடுக்கும் பழக்கம் வேண்டாம்.

வைக்கும்போது அம்மா நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் கப் சாயும், மருந்து ஓட்டையை விட்டு விலகும், புகை நின்றுவிடும். பெரியவர்களுக்கு மாஸ்க்கைவிட வாயில் கடித்துக்கொள்ளும் மவுத்பீஸ் நல்லது, மூக்கு வழியே போகும்போது மருந்து பாதியிலேயே தங்கும். டியூலினில் இருக்கும் இப்ராட்ரோபியம் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு ஆபத்து. அம்மாவுக்கு கிளாக்கோமா இருந்தால் டாக்டரிடம் சொல்லி மவுத்பீஸ் கேளுங்கள். மாஸ்க்தான் என்றால் முகத்தோடு ஒட்டி இருக்கட்டும். இரண்டு விரல் தள்ளிப் பிடித்தால் மருந்து காற்றுக்குத்தான் போகும், குழந்தைகளுக்கு எல்லோரும் செய்யும் தப்பு இதுதான்.

5 முதல் 10 நிமிடம் ஆகும். முடிவில் 'பட் பட்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும். கப்பை விரலால் தட்டினால் சுவரில் ஒட்டிய துளி கீழே இறங்கி இன்னும் கொஞ்சம் புகை வரும். அதன்பின் நிறுத்திவிடலாம், கப் காயும் வரை ஓட்ட வேண்டாம். கை லேசாக நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் மருந்தின் வேலைதான், கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஸ்டீராய்டு வைத்திருந்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், மாஸ்க் என்றால் முகமும் கழுவ வேண்டும். விட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

உங்கள் ஊருக்கு முக்கியமான இடம் கழுவுதல்தான். ஒவ்வொரு முறையும் மிஞ்சிய மருந்தைக் கொட்டி, கப்பையும் கூம்பையும் மவுத்பீஸையும் பிரித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். நாளுக்கு ஒரு முறை பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு போதும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் கொதித்து ஆறிய குடிதண்ணீரில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் அந்த ஊசி ஓட்டையில் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து துவாரத்தைச் சுருக்கும். நாலு நாளில் உங்கள் புகை குறைந்ததற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். ஊக்கு, ஊசி, ஈர்க்குச்சி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் மருந்துத் துளி பெரிதாகிவிடும்; புகை கண்ணுக்குத் தெரியும், மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

துணியால் துடைக்காமல், சுத்தமான வெள்ளைத் துணிமேல் பரப்பித் தானாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் மூடியுள்ள டப்பாவில் வைத்தால் எறும்பு அண்டாது. கப்பை வெந்நீரில் கொதிக்க விடலாமா என்பது மாடலைப் பொறுத்தது, கூட வந்த தாளைப் பாருங்கள். மாஸ்க்கும் ட்யூபும் கொதித்தால் சுருண்டுபோகும். ட்யூபைக் கழுவவே கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் காற்றை மட்டும் ஓட்டுங்கள். காற்றின் வேகம் குறைவாகத் தெரிந்தால் ட்யூபின் இரு முனையிலும் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

மிஷின் பக்கவாட்டில் சின்ன மூடிக்குள் வெள்ளைப் பஞ்சு பில்டர் இருக்கும். தை, மாசியில் கதிரறுக்கும் மிஷின் இறங்கி, வைக்கோல் தூசு ஊரெல்லாம் பறக்கும்போது அது சீக்கிரம் கறுக்கும். தாளில் எத்தனை மாதம் என்று போட்டிருந்தாலும் சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள். கழுவிப் போடக்கூடாது, பில்டர் இல்லாமலும் ஓட்டக்கூடாது. மிஷினைப் பாய்மீதோ மெத்தைமீதோ வைத்தால் காற்று வழி அடைபட்டுச் சூடேறும்; மேசைமேல் வையுங்கள். பல மாடல்கள் 20 நிமிடம் ஓடினால் 40 நிமிடம் ஓய்வு கேட்கும்.

கரண்ட் போனால்? 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபின் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு. பேட்டரியில் ஓடும் மெஷ் நெபுலைசர் சத்தமில்லாதது, கையடக்கம். ஆனால் அதன் சல்லடைத் துளைகள் கண்ணுக்கே தெரியாத அளவு. உப்புத் தண்ணீர் பட்டால் அடைத்துவிடும், அதை டிஸ்டில்ட் வாட்டரில்தான் அலச வேண்டும், பஞ்சு வைத்துத் துடைக்கவும் கூடாது. புதிதாகப் பழகுபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மாறாக, ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து நிதானமாக இழுக்க உதவும் பிளாஸ்டிக் குடுவை) மாட்டிய இன்ஹேலரை அம்மாவுக்கு எழுதித்தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சரியாக இழுக்கத் தெரிந்தவருக்குச் சாதாரண வீசிங்கில் அது நெபுலைசருக்குக் குறைந்ததல்ல, கரண்டும் வேண்டாம்.

மருந்து வைத்தும் இரைப்பு அடங்காவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்னொரு ரெஸ்ப்யூல் உடைத்துப் பார்க்கலாம் என்று நேரம் கடத்தாதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை நெபுலைசர் ஓடிக்கொண்டிருக்கட்டும்.