மிக்ஸ்டார்ட் கார்ட்ரிட்ஜ் ஏன் கிடைக்கவில்லை?

நாலு கடை ஏறி இறங்கியும் அம்மாவின் சர்க்கரை நோய்க்கான மிக்ஸ்டார்ட் இன்சுலின் கார்ட்ரிட்ஜ் (பேனா ஊசிக்குள் போடும் குழல்) கிடைக்கவில்லை, கடைக்காரர்கள் பதுக்குகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. மிக்ஸ்டார்ட் போன்ற மனித இன்சுலினைப் பேனாவிலும் கார்ட்ரிட்ஜிலும் தருவதை இந்தியாவில் நிறுத்தப்போவதாக அதைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் 2025-இல் சொல்லிவிட்டது, குப்பி மட்டும் தொடரும். அதே நிறுவனத்தின் ஓசெம்பிக் (சர்க்கரை நோய்க்கு), வெகோவி (உடல் எடை குறைக்க) ஊசிகளுக்கு உலகம் முழுக்கத் தேவை எகிறியதில், மருந்தைப் பேனாவில் நிரப்பி மூடும் ஆலைகளுக்குத்தான் பெரிய பஞ்சம். அதற்காகவே நோவோவின் தாய் நிறுவனம் 2024 டிசம்பரில், பிற கம்பெனிகளுக்கு மருந்து நிரப்பித் தரும் கேட்டலென்ட்டை 1,650 கோடி டாலருக்கு வாங்கி, மூன்று ஆலைகளை நோவோவிடம் கொடுத்தது. லாபம் குறைந்த இந்தப் பழைய வகை இன்சுலின் வரிசையில் பின்னால் போய்விட்டது என்பது என் கணிப்பு.

சரி, டாக்டர் குப்பிக்கு மாற்றினால் சிரிஞ்சைப் பார்த்து வாங்குங்கள். கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட், நம் ஊர் மிக்ஸ்டார்ட் குப்பியில் 40. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். ஆரஞ்சு மூடியில் ஏற்றினால் போக வேண்டியதில் பாதிகூட உள்ளே போகாது. வேறு கம்பெனியின் 30/70 (வேகமான இன்சுலின் 30 பங்கு, மெதுவானது 70 பங்கு) கார்ட்ரிட்ஜும் இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் அது பழைய பேனாவில் பொருந்தாது, பேனாவையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும்.